கணினியை நாமே அசெம்பிள் செய்யும்போது நிலைமின்சாரத்திலிருந்து பாகங்களைக் காப்பது எப்படி?

முதன்முறையாகத் தன் கணினியைத் தானே அசெம்பிள் செய்ய முனையும் ஒருவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும், "வேலையைத் தொடங்குமுன் இரும்பைத் தொட்டுக்கொள்" என்பதாகவே இருக்கும். அறிவுரையில் தவறில்லை. ஆனால் எந்த இரும்பை, எத்தனை முறை, எதற்காகத் தொட வேண்டும் என்பதை யாரும் விளக்குவதில்லை. அதனால் சிலர் பெயின்ட் பூசிய கேபினெட்டின் பக்கவாட்டைத் தடவிவிட்டு, கடமை முடிந்தது என்று வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு சிலரோ ப்ராசஸரைக் கையில் எடுக்கவே அஞ்சி, கடைக்காரரிடமே கொடுத்துவிடுகிறார்கள். காரணம் புரிந்துவிட்டால் இரண்டுமே தேவையில்லை. நம் உடல், கேபினெட், கையிலுள்ள பாகம் ஆகிய மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்வரை பாகத்துக்கு ஆபத்தில்லை என்பதே அடிப்படை. மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றின் பரப்பிலிருந்து மற்றொன்றின் பரப்புக்குச் சிறிதளவு எலக்ட்ரான்கள் சென்றுவிடுகின்றன. எலக்ட்ரானை இழந்த பொருள் நேர் மின்னூட்டத்தையும், பெற்ற பொருள் எதிர் மின்னூட்டத்தையும் அடைகின்றன. தேய்த்தால்தான் இது நிகழும் என்பதில்லை. தொட்டுப் பிரிந்தாலே போதும். தேய்க்கும்போது தொடும் பரப்பு கூடுவதால் விளைவும் கூடுகிறது, அவ்வளவே. எண்ணெய் தடவாத தலையை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதும், பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று ஒலி கேட்பதும் இதனால்தான். இப்படிச் சேர்ந்த மின்னூட்டம் கடத்தும் வழி கிடைக்காதபோது இருந்த இடத்திலேயே தங்கிவிடுவதால் இதை நிலைமின்சாரம் என்கிறோம்.

கணினி அசெம்பிள் செய்வோர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இங்கே உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை நம் உடலில் சேர்ந்த மின்னூட்டமும் நாற்காலியின் எதிரெதிர் மின்னூட்டமும் அருகருகே இருப்பதால் மின்னழுத்தம் பெரிதாகத் தெரியாது. எழுந்து நின்றதும் நிலைமை மாறுகிறது. மின்னழுத்தம் என்பது மின்னூட்டத்தை மின்தேக்குதிறனால், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனால், வகுத்துக் கிடைப்பது; நாற்காலியை விட்டு விலகும்போது மின்னூட்டம் அப்படியே இருக்க, மின்தேக்குதிறன் மட்டும் குறைகிறது. விளைவாக உடலின் மின்னழுத்தம் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் உயரலாம். எனவே உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை இரும்பைத் தொட்டுவிட்டேன், அது போதும் என்று எண்ணக்கூடாது. ஸ்க்ரூடிரைவர் எடுக்க எழுந்து போய்த் திரும்பியவர் மறுபடியும் மின்னூட்டத்தோடுதான் வருகிறார்.

ஆயிரக்கணக்கான வோல்ட் என்றதும், அப்படியானால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்ற கேள்வி எழும். நம் உடல் சேர்த்துவைக்கும் மின்னூட்டத்தின் அளவு மிகச் சிறியது. மின்னணுத் தொழிலில் சோதனைக்காகப் பயன்படுத்தும் மனித உடல் மாதிரியில், உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும், அதனோடு இணைந்த 1,500 ஓம் மின்தடையாகவும் கொள்கிறார்கள். இந்த உடல் 3,000 வோல்ட்டில் இருந்தால் அதில் உள்ள ஆற்றல் அரை மில்லி ஜூலுக்கும் குறைவு. ஆனால் அது வெளியேறும் வேகத்தைப் பாருங்கள்: 3,000 வோல்ட்டை 1,500 ஓமால் வகுத்தால் உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியர், அதில் பெரும்பகுதி ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் பாய்ந்து முடிந்துவிடுகிறது. விரல் நுனியில் ஒரு சிறு குத்தலாக நாம் உணர்வது இதைத்தான். பொதுவாக 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் அந்தக் குத்தலையே உணர முடிகிறது. அதற்குக் கீழே நிகழ்பவை நமக்குத் தெரியாமலே போகின்றன.

சிப்புக்கோ அந்த அளவு தேவையே இல்லை. இன்றைய ப்ராசஸர்களிலும் நினைவகச் சிப்புகளிலும் உள்ள டிரான்சிஸ்டர்களில் கேட் எனப்படும் முனையை, அதன் கீழுள்ள சிலிக்கானிலிருந்து பிரிப்பது சில நானோமீட்டர் தடிப்பே கொண்ட ஒரு மின்காப்புப் படலம். சிலிக்கான் ஆக்சைடு போன்ற நல்ல மின்காப்புப் பொருள்கூட ஒரு நானோமீட்டர் தடிப்புக்கு ஏறத்தாழ 1 வோல்ட் வரைதான் தாங்கும். அதாவது, வெறும் சில வோல்ட்டிலேயே படலம் துளைபட்டுவிடும். மின்னோட்டம் பாயும் வழியிலுள்ள மிக மெல்லிய உலோகக் கோடுகள் வெப்பத்தில் உருகி அறுபடுவது மற்றொரு வகைச் சேதம்.

இதைப் படித்துவிட்டு மலைத்துப்போக வேண்டாம். சிப்பின் வெளி ஊசிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், திடீரென வரும் மின்னூட்டத்தை வேறு வழியில் திருப்பிவிடும் பாதுகாப்பு டயோடுகளை வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். இவை இருப்பதால்தான் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் அசெம்பிள் செய்த எத்தனையோ கணினிகள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது தொழிற்சாலையில் முறையாகக் கையாளப்படுவதை எதிர்பார்த்தே வகுக்கப்பட்ட எல்லை. மின்னணுத் தொழிற்சாலைகள் பின்பற்றும் எஸ் 20.20 என்ற தரநிலை, 100 வோல்ட் மனித உடல் வெளியேற்றத்தைத் தாங்கும் பாகங்களையும் பத்திரமாகக் கையாளும்படி எழுதப்பட்டது. நாம் குத்தலாக உணரும் அளவோடு ஒப்பிட்டால் அது முப்பதில் ஒரு பங்கு. மேலும், சேதம் எப்போதும் உடனே வெளிப்படுவதில்லை. படலம் முழுவதும் துளைபடாமல் நலிந்து மட்டும் போயிருந்தால், கணினி அன்று நன்றாகவே இயங்கும். மாதங்கள் கழித்து, காரணம் விளங்காமல் பழுதாகலாம். எது எதனால் கெட்டது என்று வீட்டில் இருந்தபடி நிறுவவே முடியாது என்பதால்தான், சில நிமிட முன்னெச்சரிக்கையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆபத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் பொருள்களின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிகிறது. அதன் வழியே மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடுகிறது. இத்துறைக் கையேடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் அட்டவணை ஒன்றின்படி, கம்பளத்தின் மீது நடப்பவர் உடலில் 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் 35,000 வோல்ட் வரை சேரலாம். 65 முதல் 90 சதவீதத்தில் அதே நடை 1,500 வோல்ட்டோடு நின்றுவிடும். கடற்கரையை ஒட்டிய சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்பவருக்கு இயற்கையே பாதி உதவி செய்கிறது. அதே சென்னையில் மணிக்கணக்காக ஏ.சி. ஓடும் அறையில் அந்த உதவி குறைந்துவிடும், ஏனெனில் ஏ.சி. குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள நீரையும் பிரித்தெடுத்து வெளியே வடித்துவிடுகிறது. டொராண்டோவில் வசிக்கும் தமிழர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். பனிக்காலத்தில் உறைநிலைக்குக் கீழுள்ள வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை வீட்டுக்குள் 22 டிகிரி வரை சூடாக்கும்போது ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் பொறி தெறிக்கும். ஆனால் ஈரமான ஊரிலும் எஞ்சும் 1,500 வோல்ட், நம்மால் உணர முடியாவிட்டாலும் சிப்புக்கு மிகுதிதான் என்பதை மறக்கக்கூடாது.

இனி பாதுகாப்பு முறைக்கு வருவோம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கம்பியும் காகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதன் உடல் வழியாக மின்னோட்டம் பாயக் காரணமே இல்லை. கணினிப் பாகத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். எர்த் இணைப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எர்த் ஒரு வசதியான பொதுத்தளம் என்பது உண்மை. ஆனால் உடலையும் கேபினெட்டையும் பாகத்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டாலே அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இராது.

எர்த் செய்வதற்கும் இப்படி ஒன்றோடொன்று இணைப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் வீடுகளில் மிக முக்கியமானது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸின் மின்கம்பியை ப்ளக் பாயின்ட்டில் செருகி, சுவிட்சை மட்டும் அணைத்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நம் மூன்று துளை பாயின்ட்டுகளில் சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸ் கம்பியை மட்டுமே. தடித்து நீண்ட எர்த் முனை தொடர்ந்து இணைந்திருப்பதால் கேபினெட் எர்த்துடன் இணைந்தே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எர்த்திங் முறையாக இருக்கும் வீட்டில் இது சரி. ஆனால் எர்த் துளையில் கம்பியே இணைக்கப்படாத பாயின்ட்டுகளும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போனவையும் பழைய வீடுகளில் நிறையவே உண்டு. கணினியின் கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இல்லாதபோது அவை கேபினெட்டை ஏறக்குறைய 115 வோல்ட்டில், அதாவது வீட்டு மின்சாரத்தின் பாதி அளவில் நிறுத்திவிடுகின்றன. அந்த விறுவிறுப்பு உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி. அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்வது கணினிக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ளோர் உயிருக்கும் நல்லது.

எனவே புதியவர்களுக்கு என் பரிந்துரை: ப்ளக்கை முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த கணினியானால், பிடுங்கிய பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, போர்டில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். கணினி அணைந்திருந்தாலும், ப்ளக்கும் சுவிட்சும் இணைந்திருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். அந்நிலையில் நினைவகப் பலகையான ராமைச் செருகுவதோ கழற்றுவதோ நிலைமின்சாரத்தைவிட நேரடியான ஆபத்து. எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. அதற்குள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருப்பவை.

ப்ளக்கைப் பிடுங்கிய கேபினெட்டையும் உங்கள் உடலையும் இணைக்க எளிய கருவி, மணிக்கட்டில் அணியும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை. பட்டையின் உட்புறமுள்ள உலோகத் தகடு தோலில் நன்றாகப் படிய வேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டினால் பயனில்லை. மறுமுனையிலுள்ள கவ்வியை கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். கேபினெட்டுகளின் மேல் பூசப்படும் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. பின்புறத்தில் கார்டுகளைப் பொருத்தும் இடத்திலுள்ள வெற்றுத் தகடு, எஸ்.எம்.பி.எஸ்ஸை இறுக்கும் திருகுகள், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் ஆகியவை பொருத்தமானவை. நல்ல பட்டையின் கம்பிக்குள் 1 மெகாஓம் மின்தடை ஒன்று மறைந்திருக்கும். தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட நேர்ந்தாலும் பட்டை வழியே கால் மில்லி ஆம்பியருக்குக் குறைவாகவே மின்சாரம் பாய இது துணைசெய்கிறது. அந்த மின்தடை இருந்தாலும், உடலில் சேரும் மின்னூட்டம் ஒரு மில்லி நொடிக்குள் வடிந்துவிடும் என்பதால் நிலைமின்சாரப் பாதுகாப்பில் குறை ஏதும் ஏற்படாது. அந்த மின்தடை இல்லாததால், பட்டைக்குப் பதில் வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. கம்பியே இல்லாத வயர்லெஸ் பட்டைகளும் விற்பனையில் உள்ளன. இணைப்பதற்காகவே இருக்கும் கருவியில் இணைப்பே இல்லை என்றால் அது எப்படி வேலை செய்யும்? அவற்றை வாங்காதீர்கள்.

பட்டை இல்லையென்றாலும் வேலை செய்யலாம். கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன்பு கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். முடிந்தவரை முன்கை அதன் மீது படிந்திருக்குமாறு வேலை செய்யுங்கள். நாற்காலியைவிட நின்றுகொண்டு வேலை செய்வது மேல். பருத்தி உடை அணியுங்கள். பாலியெஸ்டர், கம்பளி, பட்டு ஆகியவற்றைத் தவிருங்கள். கட்டில் மெத்தை, சோபா, கம்பளம் ஆகியவற்றின் மீது பாகங்களைப் பரப்பாதீர்கள். மரமேசையே போதும், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி அதன் மீது இன்னும் நல்ல தளம்.

செருப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்சார வேலை என்றால் ரப்பர் செருப்பு போட்டுக்கொள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். 230 வோல்ட் பாயும் கம்பியருகே வேலை செய்யும்போது, உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் போகாமல் தடுக்க அந்த அறிவுரை சரி. ஆனால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கணினிப் பாகங்களைக் கையாளும்போது நமக்கு வேண்டியது இதற்கு நேரெதிர். ரப்பர் செருப்பு நம்மைத் தரையிலிருந்து பிரித்து, சேர்ந்த மின்னூட்டத்தைப் போகவிடாமல் உடலிலேயே வைத்திருக்கும். சிமென்ட் தரையில் வெறுங்காலுடன் நின்றால் அது மெல்லக் கசிந்துவிடும். இரண்டு அறிவுரைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல, சூழல்கள்தான் வேறு. ப்ளக் பிடுங்கப்பட்டிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்ட பிறகே செருப்பைக் கழற்றுங்கள்.

எர்த் செய்தாலும் பட்டை கட்டினாலும் அடங்காத பொருள்கள் உண்டு. பிளாஸ்டிக், தெர்மாகோல், பாலித்தீன் ஆகியவை மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால், அவற்றின் பரப்பில் சேர்ந்த மின்னூட்டத்தைக் கம்பி வைத்து வடிக்க முடியாது. பெட்டியிலிருந்து கிராபிக்ஸ் கார்டை எடுத்ததும் தெர்மாகோல் துணுக்குகள் கையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாமல் இருக்கின்றனவே, அது அவற்றில் உள்ள மின்னூட்டத்தின் வேலை. இத்தகைய பொருளின் அருகே வைத்த சிப், தொடப்படாமலே மின்தூண்டலுக்கு உள்ளாகும், அதாவது அதற்குள் இருக்கும் மின்னூட்டங்கள் இடம் பெயரும். அடுத்து அது ஓர் உலோகத்தைத் தொடும் கணத்தில், உடலின் வழியாக வரும் வெளியேற்றத்தைவிட விரைவான ஒரு வெளியேற்றம் நிகழும். ஆகவே பெட்டிகளைப் பிரித்தவுடன் தெர்மாகோல், குமிழி உறை, பாலித்தீன் தாள் எல்லாவற்றையும் மேசையிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் அகற்றிவிட்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும் ராமை வெளியே எடுத்ததும் நேரே இரும்பில் வைக்காமல், அதன் ஓரத்தைப் பிடித்தபடி மற்றொரு கையால் கேபினெட்டைத் தொட்டுக்கொண்டு சில நொடிகள் இருங்கள். தோலின் மின்தடை வழியாக அதன் மின்னூட்டம் பதமாக வடிந்துவிடும்.

மதர்போர்டும் கார்டுகளும் வரும் வெள்ளி நிற உறைக்குள் மெல்லிய உலோகப் படலம் ஒன்று உள்ளது. உறையின் வாய் மூடியிருக்கும்போது, வெளியே நிகழும் மின்வெளியேற்றம் உள்ளே எட்டாமல் அந்தப் படலம் தடுத்துவிடுகிறது. இளஞ்சிவப்பு நிறப் பாலித்தீன் உறை வேறு வகை. அது தானாக மின்னூட்டம் சேர்க்காது, ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி உறையின் மேல் மதர்போர்டை வைத்து வேலை செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. உறையின் பாதுகாப்பு உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான், மேலே இருப்பதற்கு அல்ல. அப்படி வைத்த நிலையில் மின்சாரம் கொடுத்துச் சோதிப்பதோ கூடவே கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற மின்னணுச் சந்தைகளில் பழைய ராம் அல்லது கார்டு வாங்குவோர், அதைச் சாதாரண பாலித்தீன் பையில் வாங்கிக்கொள்ளாமல், கிழியாத வெள்ளி உறை ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். உறையைத் திறக்குமுன் அதைக் கையில் பிடித்தபடி கேபினெட்டைத் தொடுவது நல்ல பழக்கம். நண்பருக்குக் கார்டை நீட்டும்போது, முதலில் அவர் கையைத் தொட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். அவர் எந்த மின்னழுத்தத்தில் வந்து நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவு அச்சம் தேவையில்லை. கேபினெட், மின்விசிறி, கேபிள்கள் ஆகியவற்றை இயல்பாகவே கையாளலாம். முழுவதும் மூடிய உறைக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்பகத்தில் இணைப்பு முனையைத் தொடாதிருந்தால் போதும். ப்ராசஸர், ராம், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகிய நான்கும்தான் கூடுதல் கவனத்துக்குரியவை. அவற்றை எப்போதும் ஓரங்களைப் பிடித்தே எடுக்க வேண்டும், பொன்நிற முனைகளிலோ ஊசிகளிலோ விரல் படக்கூடாது. பாகம் தனியாகக் கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களே மிக நொய்மையானவை. மதர்போர்டு கேபினெட்டில் திருகப்பட்டு, மற்றவை அதில் பொருந்திவிட்ட பிறகு, எல்லாமே ஒரே உலோகத் தளத்தோடு இணைந்துவிடுவதால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடுகிறது.

பின்னாளில் தூசி தட்டும்போதும் இது நினைவிருக்கட்டும். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாய் முனையில், உரசிச் செல்லும் தூசியாலேயே மின்னூட்டம் சேர்ந்துவிடும். அதை மதர்போர்டின் அருகே கொண்டுபோகாதீர்கள். ப்ளோயரைத் தள்ளிப் பிடித்து ஊதுவது மேல். ஊதும்போது விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் முதன்முறை பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒன்றும் வராமல் போகலாம். உடனே நிலைமின்சாரத்தில் பாகம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ராம் இரு முனையிலும் சொடக்கென்று உட்கார்ந்திருக்கிறதா, ப்ராசஸருக்கான 8 ஊசி மின்கேபிள் மேல்மூலையில் செருகப்பட்டிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிள் அதில் இல்லாமல் தவறுதலாக மதர்போர்டில் மாட்டப்பட்டிருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்த கணினி கிளம்பாததற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். சரிபார்க்கக் கையை உள்ளே விடும் முன் ப்ளக்கைப் பிடுங்கி, வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.